வாசலில் காத்திருந்த தபால்காரர்: சர் ரோலண்ட் ஹில்

இந்த இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி நம் செயலாளர் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு விடை தானாகவே கிடைத்தது.

அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன், மனைவி பூஜை அறையில் இருந்தாள். கைபேசி சார்ஜரில் கிடந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாகச் சமையல் செய்யும் அம்மா நம் கேட்டில் நின்றிருக்கிறார். புதிதாக வந்திருக்கும் செயலியில் நான் ‘அனுமதி’ என்று அழுத்தினால்தான் அவரை உள்ளே விடலாம். காவலர் மேல் தப்பில்லை, அவருக்கு அதுதான் உத்தரவு. இருபது நிமிடம் கழித்து அந்த அம்மா வந்து சேர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வீட்டு வேலைக்கு அவர் தாமதமாகத்தான் போயிருப்பார், அங்கே பேச்சும் வாங்கியிருப்பார்.

அப்போதுதான் ரோலண்ட் ஹில் நினைவுக்கு வந்தார். தபால் தலையைத் தந்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். அவர் உண்மையில் செய்தது, வாசலில் வீணாகும் நேரத்தைக் கணக்குப் போட்டு, அதை ஒழிக்க வழி கண்டுபிடித்தது. பி.காம். படித்துவிட்டு முப்பத்து சொச்ச வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதிய எனக்கு, அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்தது அந்தக் கணக்குதான்.

தபால் வந்தால் பயந்த வீடு

ரோலண்ட் ஹில் 1795-ஆம் ஆண்டு டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தாமஸ் ரைட் ஹில் பர்மிங்காம் பக்கத்தில் ஒரு பள்ளி நடத்தினார். நல்ல மனிதர், படிப்பாளி, ஆனால் பணம் மட்டும் கையில் தங்காது. பிள்ளைகள் பலர், வீட்டில் எப்போதும் தட்டுப்பாடு.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடிதத்துக்குக் கட்டணம் கொடுப்பது பெரும்பாலும் அனுப்புபவர் அல்ல, பெறுபவர். தபால்காரர் கதவைத் தட்டினால் காசை எடுத்து வைக்க வேண்டும். ரோலண்டின் தாயார், கையில் காசில்லாத நாளில் கடிதம் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே இருப்பாராம். ஒருமுறை தபால் கட்டணத்துக்காகச் சிறுவன் ரோலண்டிடம் பழைய துணி மூட்டையைக் கொடுத்து, விற்று மூன்று ஷில்லிங் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பின்னாளில் நாட்டின் தபால் துறையையே மாற்றப்போகிறவருக்கு அந்தத் துறை இப்படித்தான் அறிமுகமானது.

பன்னிரண்டு வயதிலேயே தந்தையின் பள்ளியில் மற்றப் பையன்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். இளம் வயதிலேயே வீட்டுக் கணக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டு தந்தையின் கடன்களை அடைத்தார். 1819-ல் சகோதரர்களோடு ஹேசல்வுட் என்ற புதிய பள்ளியைக் கட்டினார். அங்கே பிரம்படி கிடையாது. மாணவர்களே விதி வகுப்பார்கள், தப்பு செய்தவனை மாணவர்களின் நீதிமன்றமே விசாரிக்கும். வெளிநாட்டவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போன பள்ளி அது. 1827-ல் அவர் லண்டனை அடுத்த டாட்டன்ஹாமில் புரூஸ் காசில் என்ற பழைய மாளிகைக்குப் பள்ளிப் பணியை எடுத்துச் சென்றார்.

கையில் எதைக் கொடுத்தாலும் இதை இன்னும் சுலபமாகச் செய்ய முடியாதா என்று பார்க்கும் புத்தி அவருக்கு. நீளமான காகிதச் சுருளில் இடைவிடாமல் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்து 1835-ல் காப்புரிமை வாங்கினார். அப்போது செய்தித்தாளின் ஒவ்வொரு தாளிலும் வரி முத்திரை தனியாகக் குத்தப்பட வேண்டும் என்பது சட்டம். அதை மாற்ற அரசு ஒப்பவில்லை, இயந்திரம் முடங்கியது. ஒரு நல்ல இயந்திரத்தை ஒரு பழைய விதி கொன்றுவிடும் என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

பழைய தபால் எப்படி இருந்தது?

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு தாள் கடிதம் போக ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி, அதாவது பதின்மூன்றரைப் பென்னி. ஒரு விவசாயக் கூலி ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டால் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். தூரத்துக்கு ஒரு விலை, தாள் எண்ணிக்கைக்கு ஒரு விலை. இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு. உறையும் ஒரு தாளாகக் கணக்கானதால் யாரும் உறை போடுவதில்லை, கடிதத்தையே மடித்து அரக்கு வைப்பார்கள். உள்ளே எத்தனை தாள் என்று பார்க்கத் தபால் குமாஸ்தாக்கள் ஒவ்வொரு கடிதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு தூரத்தைப் பார்த்துக் கட்டணத்தை எழுதி, அடுத்த ஊர் அலுவலகத்தின் பேரில் பற்று எழுதி அனுப்ப வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தபால் இலவசம். அவர்களைத் தெரிந்தவர்கள் அந்தச் சலுகையில் தங்கள் கடிதத்தையும் அனுப்பிக்கொள்வார்கள். தெரியாத ஏழைகள் வண்டிக்காரர்களிடம் திருட்டுத்தனமாகக் கொடுத்தனுப்புவார்கள். அதுவும் முடியாதவர்கள் எழுதுவதையே விட்டுவிடுவார்கள். ஊரைவிட்டு வேலைக்குப் போன மகனுக்கும் தாய்க்கும் தொடர்பு அதோடு அறுந்துபோகும்.

ஒரு கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தபால்காரர் நீட்டிய கடிதத்தை ஒரு பெண் காசில்லை என்று திருப்பிக் கொடுக்கிறாள். பக்கத்தில் நின்றவர் இரக்கப்பட்டுக் காசு கொடுத்து வாங்கித் தருகிறார். பிரித்தால் உள்ளே வெறும் தாள். அண்ணன் நலமாக இருந்தால் இப்படி வெற்றுத் தாள் அனுப்புவது என்று அவர்களுக்குள் ஏற்பாடு. காசு கொடுத்தவர் ரோலண்ட் ஹில் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது கவிஞர் கோல்ரிட்ஜுக்கு நடந்த சம்பவம், ஹில் அதைத் தன் எழுத்தில் எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

ஒரு வெளியாளின் கணக்கு

ஹில் தபால் துறையில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர், அப்போது தென் ஆஸ்திரேலியக் குடியேற்ற ஆணையத்தில் செயலாளர். தபால் சீர்திருத்தத்துக்காகக் குரல் கொடுத்துவந்த ராபர்ட் வாலஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அரசு அறிக்கைகளை மூட்டையாக அனுப்பிவைத்தார். ஹில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது, 1815 முதல் 1835 வரை இருபது வருடத்தில் நாட்டில் மக்களும் வியாபாரமும் பெருகியும் தபால் வருமானம் ஏறவே இல்லை என்பது. கட்டணம் அதிகமானதால் மக்கள் விலகிப்போகிறார்கள் என்று புரிந்துகொண்டார்.

அடுத்ததாக, ஒரு கடிதத்தை லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, ஏறக்குறைய 400 மைல், ஏற்றிச் செல்ல எவ்வளவு செலவு என்று கணக்கிட்டார். தபால் வண்டியின் மொத்தச் செலவைக் கடிதங்களின் எடையால் பங்கிட்டார். வந்த விடை, ஒரு பென்னியில் 36-ல் ஒரு பங்கு! வாங்குவதோ பதின்மூன்றரைப் பென்னி. பெருக்கிப் பாருங்கள், ஏற்றிச் செல்லும் செலவைப்போல் 486 மடங்கு.

அப்படியானால் செலவு எங்கே ஆகிறது? இரண்டு முனையிலும்தான். தாள் எண்ணுவது, கட்டணம் போடுவது, பற்று வரவு எழுதுவது, கடைசியில் தபால்காரர் ஒவ்வொரு வாசலிலும் நின்று காசு வாங்குவது, சில்லறை கொடுப்பது, வாங்க மறுத்தால் திருப்பிக் கொண்டுபோவது. தூரத்தால் வரும் செலவு அற்பம், தூரத்தைக் கணக்கிடுவதால் வரும் செலவுதான் பெரிது.

எனக்கு இது நன்றாகப் புரியும். நான் வேலை பார்த்த கிளையில் வெளியூர் காசோலை வசூலுக்குத் தபால் செலவென்று ஒரு சில்லறைத் தொகையை வாடிக்கையாளர் கணக்கில் பிடிப்போம். அதற்கு ஒரு வவுச்சர், இரண்டு கையெழுத்து, லெட்ஜரில் ஒரு பதிவு, மாலையில் அது டாலி ஆகாவிட்டால் மூன்று பேர் தேடுவோம். பிடித்த காசைவிடப் பிடிப்பதற்கு ஆன செலவு அதிகம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. ஹில் கேட்டார்.

1837-ல் தன் கணக்கையும் யோசனையையும் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரே கட்டணம், ஒரு பென்னி. தாள் எண்ண வேண்டாம், எடை போட்டால் போதும். அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்திவிட வேண்டும். தபால்காரர் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

எழுதத் தெரியாதவருக்காக ஒரு துண்டுக் காகிதம்

முன்கூட்டிச் செலுத்தியதற்கு அடையாளம் வேண்டுமே. முத்திரை அச்சடித்த உறைகளை அரசே விற்கலாம் என்பதுதான் ஹில்லின் முக்கிய யோசனை. அதில் ஒரு சிக்கல் இருந்தது. எழுதத் தெரியாத ஒரு வேலைக்காரப் பெண் எசமானர் கொடுத்த கடிதத்தைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முத்திரை உறை வாங்கினால் அதன்மேல் முகவரியை மறுபடி எழுத வேண்டும், அவளால் முடியாது. அவளுக்காக, பின்பக்கம் பசை தடவிய ஒரு சிறு துண்டுக் காகிதத்தை விற்றால், நனைத்து ஒட்டிவிட்டுப் போய்விடலாம் என்று போகிற போக்கில் ஒரு யோசனை சேர்த்தார்.

அந்தத் துண்டுக் காகிதம்தான் தபால் தலை. எழுதத் தெரியாத ஒருத்திக்காக யோசித்த ஏற்பாடு, கடைசியில் உலகம் முழுவதற்கும் பயன்பட்டது.

அரசு பெரிதும் நம்பியது முத்திரை உறையைத்தான். மல்ரெடி என்ற ஓவியரைக் கொண்டு யானை, ஒட்டகம், கப்பல், தேவதை எல்லாம் போட்டு அழகாக அச்சடித்தார்கள். ஊரே கேலி செய்தது. விற்காமல் தேங்கியதைப் பிறகு அழிக்க வேண்டியதாயிற்று. எளிய தபால் தலையோ தட்டுப்பாடு வரும் அளவுக்கு விற்றது.

சட்டமும் சங்கடமும்

யோசனையைத் தபால் துறை மேலதிகாரிகள் மூர்க்கமாக எதிர்த்தார்கள். நடைமுறைக்கு ஒவ்வாத கனவு, துறை திவாலாகும் என்றார்கள். கடிதங்கள் பெருகினால் கட்டடம் தாங்காது என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் லண்டன் வணிகர்கள் குழு அமைத்துப் பிரசாரம் செய்தார்கள், ஹென்றி கோல் என்ற துடிப்பான மனிதர் துணை நின்றார், நாடெங்குமிருந்து மனுக்கள் குவிந்தன. 1839 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. ஹில்லை நிதித் துறையில் அமர்த்தி அதை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

டிசம்பர் 5 அன்று முன்னோட்டமாக நாலு பென்னி ஒரே கட்டணம் வந்தது. 1840 ஜனவரி 10 அன்று ஒரு பென்னி. நாடாளுமன்ற உறுப்பினர்களின் இலவசச் சலுகையும் அன்றோடு முடிந்தது. மே 6 முதல், இளம் விக்டோரியா அரசியின் தலை பொறித்த கறுப்புத் தபால் தலை செல்லுபடியானது. அதுதான் பென்னி பிளாக்.

அந்தத் தபால் தலைத் தாளின் அமைப்பைப் பார்த்து நான் அசந்துபோனேன். வரிசைக்கு 12 தலை, மொத்தம் 20 வரிசை, ஆக 240. அந்தக் காலத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு வரிசை கிழித்துக் கொடுத்தால் ஒரு ஷில்லிங், முழுத் தாள் ஒரு பவுண்டு. கவுன்டரில் இருப்பவர் பெருக்கவே வேண்டாம்! தலையை முகவரிக்கு மேலே வலது பக்கம் ஒட்டவும் என்ற குறிப்பும் தாளின் ஓரத்திலேயே அச்சாகியிருந்தது. கள்ளத்தனத்தைத் தடுக்க ஒவ்வொரு தலையின் கீழ் மூலைகளிலும் வெவ்வேறு எழுத்துகள். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

தவறுகளும் இல்லாமல் இல்லை. கறுப்புத் தலைமேல் சிவப்பு மையால் முத்திரை குத்தினார்கள். சிலர் அந்த மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டினார்கள். ஹில் பிடிவாதம் பிடிக்காமல் மாற்றினார். 1841-ல் தலை சிவப்பானது, முத்திரை மை கறுப்பானது.

பெரிய தவறு வேறொன்று. 1839-ல் சுமார் 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள் 1840-ல் 16 கோடியே 90 லட்சமாக உயர்ந்தன. இரண்டு மடங்குக்கு மேல்தான், ஆனால் ஹில் எதிர்பார்த்த வேகம் இல்லை. துறையின் நிகர வருமானம் சுமார் 16 லட்சம் பவுண்டிலிருந்து 5 லட்சமாக விழுந்தது. பழைய நிலைக்கு வர இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. மக்களுக்கு எது வேண்டும் என்பதில் அவர் கணக்கு சரி, எத்தனை நாளில் என்பதில் பிசகிவிட்டது.

எதிர்த்தவர்களுக்கு அது போதும். ஆட்சி மாறியது. 1842-ல் ஹில் பதவியிலிருந்து அனுப்பப்பட்டார். அப்போது வயது 46. தான் தொடங்கியதை வெளியே நின்று பார்க்க வேண்டிய நிலை. துவண்டுவிடாமல் லண்டன் பிரைட்டன் ரயில்வே நிறுவனத்தில் இயக்குநராகச் சேர்ந்து தலைவரும் ஆனார். சாமானியர்களும் கடற்கரைக்குப் போய்வர மலிவுக் கட்டணச் சுற்றுலா ரயில்கள் விட்டார்.

மக்கள் அவரை மறக்கவில்லை. நன்கொடை திரட்டிச் சுமார் 13,000 பவுண்டு வழங்கினார்கள். 1846-ல் ஆட்சி மறுபடி மாற, தபால் துறைக்கே அழைக்கப்பட்டார். 1854-ல் துறையின் செயலாளர் ஆனார். அதற்கு முன்பே, 1850-ல், கடிதங்கள் ஏறக்குறைய 35 கோடியைத் தொட்டிருந்தன.

அவர் காலத்தில்தான் வீட்டுக் கதவுகளில் கடிதம் போடத் துவாரம் வைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நல்ல கதவில் ஓட்டை போடுவதா என்று சீமான்கள் சிலர் கோபப்பட்டார்கள். அந்தத் துவாரத்தின் பேரப்பிள்ளைகள்தாம் நம் லாபியில் இருக்கும் தபால் பெட்டிகள். 1857-58-ல் லண்டனைத் திசை வாரியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்துக் குறியீடு கொடுத்தார்கள். 1861-ல் அஞ்சலக சேமிப்பு வங்கி தொடங்கியபோதும் அவரே செயலாளர்.

பழகுவதற்கு இனிய மனிதர் என்று சொல்ல முடியாது. மற்றவர் யோசனையை எளிதில் ஏற்கமாட்டார். அவர் கீழ் வேலை பார்த்த நாவலாசிரியர் ஆன்டனி டிராலப்புக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. தெருவோரத் தபால் பெட்டியை முன்மொழிந்து சேனல் தீவுகளில் கொண்டுவந்தவர் அந்த டிராலப்தான். சொந்தத் தம்பியைத் துறையில் உயர்பதவிக்குக் கொண்டுவந்தார் என்ற பேச்சும் ஹில்மேல் உண்டு.

1860-ல் சர் பட்டம் பெற்றார். உடல்நலம் குன்றி 1864-ல் ஓய்வு பெற்றபோது நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வழங்கியது. 1879 ஆகஸ்ட் 27 அன்று காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். தபால்காரருக்குக் கொடுக்கக் காசில்லாமல் துணி விற்கப் போன பையன்!

நம் ஊருக்கும் அந்த ஏற்பாடு வந்தது. 1854-ல் இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலைகள் வந்தன. தூரம் எதுவானாலும் அரையணாவில் கடிதம் அனுப்ப முடிந்தது. 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் வந்தது, அதை உருவாக்கியவர் ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர். நம் முகவரியில் 600 என்று தொடங்குகிறதே, அதுதான்.

நம் கேட்டுக்கு வருவோம்

செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர் மாடி ஏறி வந்த சம்பவங்களுக்குப் பிறகுதான் அதைக் கொண்டுவந்தோம், பாதுகாப்பு முக்கியம். ஆனால் ஹில் கேட்ட கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நேரம் எங்கே வீணாகிறது? வாசலில். யாருக்கு? நமக்கு அல்ல, கேட்டில் நிற்பவருக்கு. அதனால்தான் அது நம் கணக்கில் வரவில்லை.

பதில்கூட அவருடையதுதான்: முன்கூட்டியே செய்துவிடுவது. தினமும் வரும் வீட்டு வேலை செய்பவர்கள், பால் போடுபவர், பேப்பர் போடுபவர், கார் துடைப்பவர் ஆகியோருக்குப் புகைப்படத்துடன் ஒரு அட்டை கொடுத்து, வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை அனுமதி கொடுத்துவிடலாம். வந்ததும் அட்டையைக் காட்டுவார், காவலர் நேரத்தைக் குறித்துக்கொள்வார், முடிந்தது. கைபேசி இல்லாதவர், படிக்கத் தெரியாதவர் எல்லோருக்கும் அது ஆகும். புதியவர்களுக்குச் செயலி இருக்கட்டும்.

அட்டை அடிக்க என்ன செலவாகும் என்று விசாரித்து, வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் முன்வைக்கிறேன். கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். சமையல் அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. நிறைவேறிய பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.

– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பி பிளாக்